வீட்டுக்கு வரும் இன்சுலின்: பார்சலைப் பிரித்ததும் பாருங்கள்

இன்சுலின் ஆர்டர் போட்டால் எல்லோரும் வெயிலுக்குத்தான் பயப்படுகிறோம். உறைந்துபோவதும் அதே அளவு ஆபத்து, அதை யாரும் கவனிப்பதில்லை. தேவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். குளிர்ச்சிக்காகப் பார்சலில் வைக்கும் ஜெல் பேக்கை, ஃப்ரீசரிலிருந்து நேரே எடுத்துக் கடைக்காரர் மருந்தோடு ஒட்டி வைத்தால் அந்தப் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பேக் மேலே வியர்த்து, கொஞ்சம் இளகும்வரை வெளியே வைத்து, நடுவே அட்டையோ பபிள் ஷீட்டோ கொடுத்துத்தான் கட்ட வேண்டும். உறைந்தது உருகினாலும் வீரியம் திரும்பாது.

30/70 என்ற கலப்பு இன்சுலின் மாதிரி வெள்ளையாக இருக்கும் ரகத்தை உள்ளங்கையில் மெதுவாக உருட்டுங்கள். கட்டி மிதந்தாலோ, கண்ணாடியில் பனி பூத்ததுபோல் ஒட்டியிருந்தாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள். தெளிவான ரகம் கலங்கியிருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பார்வைக்கு நன்றாக இருப்பதாலேயே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஜெல் பேக் முழுக்கச் சூடாகி வந்திருந்தால் கடையின் பார்மசிஸ்டிடம் பேசாமல் போடாதீர்கள்.

பில்லில் கடையின் லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி மூன்றும் வேண்டும். பேட்ச் எண்ணை டப்பாவோடு ஒத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் முதல் தயாரான 300 முக்கிய பிராண்டுகளில் பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம், ஸ்கேன் செய்தால் அதே எண் வர வேண்டும். டாக்டர் சீட்டே கேட்காமல் ஆன்டிபயாடிக் அனுப்பும் ஆப்பை அன்றே போனிலிருந்து தூக்கிவிடலாம்.

பிரிக்காத மருந்தை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டு வேண்டாம்.