சர்வர் வரலியாம்

பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். முந்திரி ஊர். கொட்டை உடைக்கிற பெண்களுக்குத் தோட்டு எண்ணெய் பட்டு விரல்நுனி கருத்து உரிந்திருக்கும். 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் இங்கே வந்து கைரேகை கேட்க ஆரம்பித்ததும் அந்த விரல்கள்தான் முதலில் மாட்டின. கட்டைவிரல், மோதிர விரல், தலைமுடியில் தேய்த்துவிட்டு மறுபடி கட்டைவிரல். பில் போடுகிற மெஷினின் திரையில் 300 என்று பிழை எண் வரும். ரேகை ஒத்துப்போகவில்லை என்று பொருள். “நான்தாம்மா இது, என்னைத் தெரியாதா ஒனக்கு?” என்பார் ஆயா. எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரிய வேண்டுமே.

மெஷினே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2017இல் ஸ்மார்ட் கார்டு வருவதற்கு முன், வாங்காத பாமாயிலை வாங்கியதாக எழுதிக்கொண்டவர்கள் எங்களில் இருந்தார்கள், ஊருக்கே தெரியும். இப்போது பில் போட்டதும் கார்டுக்காரர் போனுக்குக் குறுஞ்செய்தி போய்விடுகிறது. நல்லதுதான். ஆனால் பழைய சந்தேகம் மட்டும் போகவில்லை. சர்வர் படுத்தால், “நெட் இல்லேன்னு சொல்லிட்டு அரிசிய எங்க அனுப்பற?” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

மெஷினைப் பழகுவது பெரிய கஷ்டமாக இல்லை. எங்கேயோ இருக்கிற சர்வருக்காக நான் பேச்சு வாங்குவதுதான் உடம்பைத் தின்கிறது. மாதத் தொடக்கத்தில் கூட்டம் அதிகம்; கடையில் கழிப்பறை கிடையாது என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. வீட்டுக்குப் போனால் மகள் இரண்டாம் முறை கூப்பிட்டாலே எரிந்து விழுகிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் இருப்பைப் பார்க்கிறார்கள், பில்லைப் பார்க்கிறார்கள். சர்வர் எத்தனை மணி நேரம் வரவில்லை என்பதைக் குறிக்க அவர்கள் படிவத்தில் இடமே இல்லை.

2025இல் தராசையும் மெஷினோடு இணைத்தார்கள். எடை சரியாக நின்றால்தான் பில் வரும். அரிசிக்கு ஒருமுறை, சர்க்கரைக்கு ஒருமுறை, பருப்புக்கு ஒருமுறை காத்திருக்க வேண்டும். வரிசை நகரவே நகராது. மக்களுக்கு முழு எடை போகட்டும், நியாயம். கிடங்கிலிருந்து மூட்டை இறங்கும்போதும் இதே தராசு வேண்டாமா? மூட்டையில் குறைகிற கிலோ என் தலையில்தான் விடிகிறது. எங்கள் ஊழியர் சங்கத்தில் எல்லோரும் கேட்பது இதைத்தான்.

இப்போதெல்லாம் ஒன்று செய்கிறேன். பிழை வந்தால் மெஷினை அப்படியே வரிசைப் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன். ஆங்கிலத்தில்தான் வரும், கல்லூரிப் பிள்ளை யாராவது நின்றால் படித்துச் சொல்லும். “சர்வர் வரலியாம்” என்று முன்னால் நிற்பவர் பின்னால் சொல்ல, அது வாசல்வரை போய்விடும். திட்டு நிற்கவில்லை. ஆனால் என் பெயரைச் சொல்லித் திட்டுவது குறைந்திருக்கிறது.