சித்தியின் ஸ்கேன் அறிக்கையில் இருந்த ஒரு வரி

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் சித்திக்குப் பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று வயிற்று ஸ்கேன் எடுத்தபோது, கல்லோடு சேர்த்து, கல்லீரலின் வலப்பக்கத்தில் 2 செ.மீ. அளவில் வெண்மையான கட்டி ஒன்று தெரிவதாகவும் அறிக்கையில் ஒரு வரி வந்தது. புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவுமில்லை.

புதுச்சேரியில் நாங்கள் பார்த்த மருத்துவர், கட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கல்லீரலைப் பற்றியே கேட்டார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான பரிசோதனை செய்ததுண்டா, சர்க்கரை நோய் உண்டா, எடை குறைந்திருக்கிறதா, வேறு உறுப்பில் புற்றுநோய் வந்ததுண்டா என்று அவர் வரிசையாகக் கேட்டதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரே அளவுள்ள கட்டி, நலமான கல்லீரலில் ஒன்றாகவும் சுருங்கித் தழும்பேறிய கல்லீரலில் வேறொன்றாகவும் இருக்கக்கூடும்.

நலமான கல்லீரலில் விளிம்பு தெளிவாக, வெண்மையாகத் தெரியும் கட்டி பெரும்பாலும் ஹெமாஞ்சியோமா எனப்படும் இரத்தநாளக் கட்டிதான். அது புற்றுநோயாக மாறுவதில்லை. நீர்க்கட்டியோ ஸ்கேனில் கருமையாகத் தெரியும். கொழுப்பு படிந்த கல்லீரலில், கொழுப்பு சேராமல் விடுபட்ட ஒரு பகுதியே கட்டிபோலத் தோன்றுவதும் உண்டு. காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியும் இருந்தால் சீழ்க்கட்டியை நினைக்க வேண்டும். அமீபாவால் வரும் சீழ்க்கட்டி, நம் பக்கத்தில் மது அருந்தும் ஆண்களிடம் அதிகம் காணப்படுவது. கருத்தடை மாத்திரையை நெடுநாள் உட்கொண்ட பெண்களுக்கு அடினோமா என்னும் வேறொரு வகைக் கட்டி அரிதாக வரும்.

கல்லீரல் இப்படித் தழும்பேறிய சிரோசிஸ் நோய் உள்ளவருக்கும், ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கிவிட்டவருக்கும் இந்த ஆறுதலைச் சொல்ல முடியாது. அவர்களிடம் புதிதாகத் தெரியும் எந்தக் கட்டியையும் கல்லீரல் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யும்வரை விட்டுவிடக் கூடாது. குடல், கணையம் போன்றவற்றின் இரத்தம் கல்லீரல் வழியாகவே செல்வதால், அங்குத் தோன்றும் புற்றுநோய் இங்கே பரவுவதும் இயல்பு. அப்போது பல கட்டிகள் தெரிவதுண்டு.

சித்திக்கு இரத்தப் பரிசோதனைகளோடு, மருந்து செலுத்தி மூன்று கட்டங்களாக எடுக்கும் சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். மருந்து கட்டியின் விளிம்பில் திட்டுத்திட்டாகத் தொடங்கி மெல்ல நடுப்பகுதிவரை நிறைந்ததைப் படத்தில் காட்டி, இரத்தநாளக் கட்டிதான் என்றார் மருத்துவர். ஊசி குத்திச் சதை எடுக்கவும் தேவைப்படவில்லை. பித்தப்பைக் கல்லுக்கான சிகிச்சை மட்டும் இப்போது நடக்கிறது.