'அவர்' போய் 'நீர்' வரட்டும்

கடவுளைப் பற்றி நினைப்பது வேறு, கடவுளிடம் பேசியபடியே நினைப்பது வேறு. காலைத் தியானமும் குடும்ப ஜெபமும் தவறாத வீடுகளில்கூட இந்த இரண்டாவது குறைவாகத்தான் இருக்கிறது. 23-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். முதல் மூன்று வசனங்களிலும் தாவீது "கர்த்தர்", "அவர்" என்றே சொல்கிறார். நாலாவது வசனத்தில், இருளின் பள்ளத்தாக்கு வந்ததும், "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று நேராகவே பேச ஆரம்பித்துவிடுகிறார். சிந்தையின் நடுவில் கடவுள் இருப்பது என்றால் இந்தத் திரும்புதல்தான்.

இதைப் பழக ஒரு வாரத்துக்கு ஒரு வரி போதும். ஒரே மூச்சில் அடங்கணும், "நீர்" அல்லது "உம்" அதில் இருக்கணும். "கர்த்தாவே, நீர் என் மேய்ப்பர்" போல. நீளமான வசனம் பாதியிலேயே நழுவிவிடும்; தினம் ஒன்றாக மாற்றினால் ஒன்றும் ஊறாது.

அந்த வரியை எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு கட்டிவிட வேண்டும். குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். சுமார் 300 மரம். காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து, பட்டையைச் சீவி, பால் வடிகிற சிரட்டையைச் சரிபண்ணி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகணும். சீவும்போது கவனம் கத்தியில்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் ஆழம் கூடினாலும் மரம் காயப்படும். அடுத்த மரம் வரை நடக்கிற அந்தச் சில எட்டுகள்தான் ஜெபத்துக்கு உரியவை. நெகேமியாவும் ராஜா கேட்ட கேள்விக்கும் தான் சொன்ன பதிலுக்கும் நடுவிலேயே ஜெபித்தார் (நெகேமியா 2:4). சமையலறையில் என்றால் உலை கொதிக்கக் காத்திருக்கும் நேரம். மார்த்தாண்டம் பஸ்ஸில் என்றால் ஒவ்வொரு நிறுத்தம்.

எத்தனை தடவை சொன்னோம் என்று எண்ண வேண்டாம். எண்ண ஆரம்பித்தால் மனசு கணக்கிலேயே நின்றுவிடும்.

பெரிய தொந்தரவு வேறு. கவலையையே ஜெபம் என்று நினைத்துக்கொள்கிறோம். "கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. மூன்றாவது வாக்கியத்தில் வட்டிக் கடன், அப்புறம் மகள் கல்யாணம், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சொல். அரைமணி நேரம் முழங்காலில் நின்றும் பாரம் குறையாமல் எழும்புகிறோம். கடைசியாக மனசில் ஓடின ஐந்து வாக்கியங்களில் ஒன்றிலாவது "நீர்" இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் வாய்விட்டுப் பேசுங்கள், மெதுவாக, பாயில் படுத்திருந்தாலும் சரி. ஒரு காரியத்துக்கு மூன்று வாக்கியம்: இருக்கிற நிலை, வேண்டுதல், ஒரு ஸ்தோத்திரம். பிலிப்பியர் 4:6 ஸ்தோத்திரத்தை விண்ணப்பத்தோடேயே சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. சொல்லி முடித்ததும் அடுத்த காரியத்துக்குப் போய்விடுங்கள்.

குறை சொல்வதும் இதில் அடங்கும். ஆடுமாடும் விளைச்சலும் போய்க் கலங்கியிருந்த நீலகண்ட பிள்ளைக்குத் திருவிதாங்கூர் படைத் தலைவர் டிலனாய் சொன்னது யோபின் கதை. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவர் இந்த நீலகண்ட பிள்ளைதான். யோபின் நண்பர்கள் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளைப் பற்றிப் பேசுகிறார்கள், கடவுளிடம் பேசுவதில்லை. யோபு 7-ஆம் அதிகாரத்தில் கடுங்கசப்போடு பேசுகிறார்: எனக்குக் காவல் வைக்க நான் என்ன சமுத்திரமா என்று கேட்கிறார். ஆனால் நேராகக் கடவுளிடமே கேட்கிறார். இந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் சரியாகப் பேசினவன் என்று கடவுள் சொல்வது யோபைத்தான்.

மத்தியானம் வரை ஒரு தடவைகூட நினைப்பு வராமல் போகும் நாளும் உண்டு. அதற்காக நீளமாக மன்னிப்புக் கேட்டு இன்னொரு பத்து நிமிஷத்தை நம்மைப் பற்றியே நினைத்துப் போக்க வேண்டாம். கத்தோலிக்க ஊர்களில் பன்னிரண்டுக்குத் திரிகால செப (காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் சொல்லும் ஜெபம்) மணி அடிக்கும். நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆனாலும், மணி காதில் விழுந்தால் அந்த வரியை ஒருதரம் சொல்லிவிட்டுச் சோறு போடுங்கள்.