போன் இல்லாமல் சாப்பிடப் பழக்கிய இரண்டு வாரம்

கரண்டி உதட்டில் பட்டால் வாய் திறக்கிறது. கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கிறது. பருப்பு சாதம் மெல்லப்படாமல் அங்கேயே கிடக்கிறது. ஒரு வாய் இறங்க மூன்று நிமிஷம், கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம். நடுவில் போனை வாங்கினால் அலறல். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் பலருக்கும் இது பழகிப்போன காட்சி. இதிலிருந்து மீள நாங்கள் கடைப்பிடித்த முறையையும், அது எங்கே சறுக்கும் என்பதையும் எழுதுகிறேன்.

இந்தப் பழக்கத்துக்கு ஆரம்பம் போன் இல்லை, நம் பயம். "முன்னாடி நல்லா சாப்பிட்டான், இப்ப தொடவே மாட்டேங்கிறான்" என்ற பயம். பிறக்கும்போது 3 கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடும். அடுத்த ஒரு வருஷத்தில் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு கிலோ அளவில். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். இதை வீட்டில் எல்லோருக்கும் புரியவைக்காமல் போனை நிறுத்தினால் மூன்றாம் நாளே அது திரும்பி வந்துவிடும். இன்னொரு கணக்கு: மூன்று வேளை, வேளைக்கு முக்கால் மணி என்றால் சாப்பாட்டிலேயே இரண்டேகால் மணி நேரம் திரை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன வரம்பு.

தொடங்கும் முன் அங்கன்வாடியிலோ டாக்டரிடமோ எடை பார்த்துவிட வேண்டும். எடை இறங்கியிருந்தால், விழுங்கும்போது அடிக்கடி இருமினால், இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், முதலில் டாக்டர். இந்த முறை பிறகுதான். சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் அப்படியே. காய்ச்சல், வெளியூர்ப் பயணம், தம்பி தங்கை பிறந்த புதிது, இந்த நேரங்களில் ஆரம்பிக்கக் கூடாது.

அடுத்தது பால். காலையில் ஒரு டம்ளர், மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு புட்டி, ராத்திரி ஒரு புட்டி என்று 600, 700 மில்லி உள்ளே போகும் பிள்ளைக்குச் சோறு இறங்காது. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். புட்டியை நிறுத்தி, சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளரில் கொடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறுதீனி, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். பிஸ்கட் ஒன்றுதானே என்று கொடுப்பதுதான் பெரும்பாலும் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

போனைப் படிப்படியாகக் குறைக்கலாமா? எங்கள் முடிவு: கூடாது. ஒரு வேளை கிடைக்கும், ஒரு வேளை கிடைக்காது என்றால், எப்போது கிடைக்கும் என்று பிள்ளை ஒவ்வொரு வேளையும் அழுது பார்க்கும். ஒரு சனிக்கிழமை காலையில் எல்லா வேளைக்கும் சேர்த்து நிறுத்துவதுதான் சுலபம். முந்தின நாளே ஒரு வரி சொல்லிவிடலாம்: "நாளையிலிருந்து சாப்பிடும்போது போன் வராது." பெரியவர்களின் போனும் வேறு அறைக்குப் போக வேண்டும். அதற்குப் பதிலாக டிவியைப் போட்டால் ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம்.

தட்டில் மிகக் கொஞ்சமாக வையுங்கள்: அரை இட்லி, அல்லது இரண்டு மேசைக்கரண்டி சாதம். பிள்ளைக்குப் பிடித்த ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தரையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, பிள்ளையே கையால் எடுத்துச் சாப்பிடட்டும். என்ன சமைப்பது, எப்போது போடுவது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை அந்த வயிறு சொல்லட்டும்.

அழும். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். "போன் இல்ல கண்ணு, சாதம் இருக்கு." இதையே திரும்பச் சொன்னால் போதும், விளக்கம், பேரம், பூச்சாண்டி, சாக்லேட் எதுவும் வேண்டாம். அழுகிற வாயில் சோற்றைத் திணிக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தட்டைத் தள்ளினால் ஒரு முறை சொல்லுங்கள். மறுபடி தள்ளினால் அந்த வேளை முடிந்தது. கோபப்படாமல் தட்டை எடுத்துவிட்டு, துணியைக் கையில் கொடுத்துச் சேர்ந்து துடையுங்கள். தட்டு எப்படியும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் நாளில் அழுகை குறையாது, கூடும். பழைய வழி பலிக்கவில்லை என்றதும் பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. அப்போது மனமிரங்கிப் போனைக் கொடுத்தால், இவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். அதைவிடத் தொடங்காமலே இருப்பது நல்லது. நல்ல எடையுள்ள, நோய் இல்லாத பிள்ளை ஒரு வேளை சாப்பிடாமல் போனால் அடுத்த வேளையில் ஈடுகட்டும். தண்ணீர் குடிக்கிறதா, வழக்கம்போல் சிறுநீர் போகிறதா, சுறுசுறுப்பாக விளையாடுகிறதா என்று மட்டும் பாருங்கள். சோர்ந்து படுத்தாலோ, ஏழெட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

பாட்டியிடம் முன்கூட்டியே பேசுவது முக்கியம். பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்று அவர்கள் தவிப்பது அன்பினால்தான். "அத்தை, ரெண்டு வாரம் மட்டும் பொறுத்துக்கோங்க. நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாலே அவன் பார்த்துச் சாப்பிடுவான்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடும் வேலையை அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.

நான்கைந்து நாளில் அழுகை தணியத் தொடங்கும். சில பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் ஆகும். முதலில் தெரியும் மாற்றம் அளவில் இல்லை, தாடையில்: சோறு கன்னத்தில் தங்காமல் மென்று இறங்குகிறது, "போதும்" என்று பிள்ளையே சொல்கிறது. எல்லாம் சரியான பிறகும், விருந்துக்குப் போன வீட்டில் யாராவது பாசத்தோடு போனை நீட்டுவார்கள். அடுத்த நாள் காலை பழைய அழுகை திரும்பும். பயப்பட வேண்டாம், அதே ஒரு வரி, அதே தட்டு. இந்தத் தடவை பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அந்த மாதிரி வீடுகளுக்குக் கிளம்பும் முன், பிள்ளைக்கு வீட்டிலேயே சாப்பாடு கொடுத்துவிட்டுப் போங்கள்.