501-வது யூனிட்

பாடப்புத்தகத்தில் 'வாழ்க்கைக் கணக்கு' என்று வருபவற்றில் பாதி வேஷம் கட்டிய கணக்குகள். கடைக்காரர் இருப்பார், மாம்பழம் இருக்கும். அவர் ஏன் அந்த விலை வைத்தார் என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

அதனால் ஒன்பதாம் வகுப்புக்கு வரைபடம் நடத்த கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டேன். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த வீட்டுக் கட்டணம். அப்போது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அப்புறம் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை 6 ரூபாய். அவரவர் வீட்டு பில்லைக் கொண்டுவரச் சொல்லவில்லை. யார் வீட்டில் ஏசி ஓடுகிறது என்பது வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை.

500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் என்று சரியாகவே போட்டார்கள். 501-க்கு? அடுத்த படி 8 ரூபாய், ஆகவே 1,733 என்றார்கள். கட்டண விவரத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். 500-ஐத் தாண்டினால் ரூ.2.25 என்ற படியே கிடையாது, 101-லிருந்தே ரூ.4.50. பில் 1,958. வரைபடத்தில் கோடு அங்கே அறுந்து மேலே குதித்தது.

"ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாயா சார்?" என்றான் ஒருவன். ஒரு மாணவி சராசரி எடுத்து, ரூ.3.45 என்பது ரூ.3.91 ஆகியிருக்கிறது, அவ்வளவுதானே என்றாள். இரண்டும் சரியான கணக்கு. கட்டணம் வாங்குபவர் ஒன்றைச் சொல்வார், கட்டுபவர் மற்றதைச் சொல்வார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "ஹவுஸ் ஓனர் எங்ககிட்ட முதல் யூனிட்லேர்ந்தே எட்டு ரூபா வாங்குறார். எங்களுக்கு நேர்கோடுதான் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரீடிங் எடுக்க மூன்று நாள் தாமதமானால் என்ன ஆகும் என்பது அவர்களே கிளப்பிய கேள்வி. தினம் 8 யூனிட் ஓடும் வீடு. 60 நாளில் 480, 63 நாளில் 504. அடுத்த முறை 57 நாள்தானே, அதில் குறைந்து சரியாகிவிடும் என்று சிலர் வாதிட்டார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். போட்டுப் பார்த்தோம். ஒழுங்காக எடுத்தால் இரண்டு பில்லும் சேர்த்து 3,210 ரூபாய், தாமதமானால் 3,443. ஓடிய மின்சாரம் இரண்டிலும் 960 யூனிட்தான்.