ஓடி முடித்த பிறகு

ஜனவரி 10, சனி

நாளை அரை மாரத்தான், 21 கிலோமீட்டர் ஓட்டம். எண் அட்டையைச் சட்டையில் ஊக்கால் குத்தியாயிற்று. அக்கா எட்டரைக்கே படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, பயமும் வரவில்லை. நடந்தாவது முடித்துவிடலாம் என்ற தெனாவட்டு.

ஜனவரி 11, ஞாயிறு

2 மணி 41 நிமிடம். முடித்துவிட்டேன். அக்கா முடிக்கவில்லை. வேறெதுவும் எழுத ஓடவில்லை.

ஜனவரி 12, திங்கள்

படி ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் கொடுமை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குகிறேன். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று அலுவலகத்தில் ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். அதெல்லாம் ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். இது தசை நார்களில் விழுந்த நுண்ணிய கிழிசல். கால் தரையில் பதியும்போதெல்லாம் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது, பழக்கமில்லாத தசைக்கு அதுதான் தாங்காது. படி இறங்கும்போதும் அதே வேலைதான், அதனால்தான் அங்கே உயிர் போகிறது.

"பயிற்சியே இல்லாமலா?" என்று ஒருவர் கண்ணை விரித்தார். அந்த ஒரு நொடி ஜிவ்வென்று இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அடுத்த நொடியே அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் அட்டவணை ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வாரம். நீண்ட ஓட்டம் 8, 10, 12 என்று ஏறி 18 வரை. முடித்த நாளுக்கெல்லாம் பச்சை மையில் டிக்.

ஜனவரி 13, செவ்வாய்

வலி இன்றுதான் உச்சம். தும்மினால்கூடத் தொடை பேசுகிறது.

ஜனவரி 14, புதன்

இன்று எரிச்சல். நேரத்தைப் பிரித்துப் பார்த்தேன். முதல் 10 கிலோமீட்டர் 1 மணி 4 நிமிடம், மீதி 11 கிலோமீட்டருக்கு 1 மணி 37 நிமிடம். 2021-ல் லிஸ்பனில் உகாண்டா ஓட்ட வீரர் ஜேக்கப் கிப்லிமோ மொத்தத் தூரத்தையும் 57 நிமிடம் 31 நொடியில் ஓடினார். அந்த நேரத்துக்கு நான் ஒன்பதாவது கிலோமீட்டர் பலகையிடம் நின்றிருப்பேன். சரி, அவரோடு எனக்கென்ன போட்டி. ஆனால் அந்த 1:37-ல் பாதி நடை. நடந்ததையும் சேர்த்து "ஓடினேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

பதினைந்தாவது கிலோமீட்டர் தாண்டி அக்காவைப் பார்த்தேன். ஓரமாக நின்று முழங்காலின் வெளிப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். "நிக்காதடா, நின்னா மறுபடி கிளம்ப முடியாது, போ" என்றாள். போனேன். அவள் சொன்னது நிஜம்தான், நின்றிருந்தால் என் கால் இறுகிப்போய் அங்கேயே முடிந்திருக்கும். ஆனாலும் தண்ணீர் மேசை வரும்வரை திரும்பிப் பார்க்காமல் போனேனே என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

அக்கா போனை எடுக்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

இடது கால் பெருவிரல் நகம் கருத்துவிட்டது. இறக்கத்தில் விரல் ஷூ முனையில் இடித்து இடித்து அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது. விழுந்து புதிது முழுசாக வளர ஒரு வருஷத்துக்கு மேலே ஆகுமாம். பதக்கத்தைவிட இதுதான் அதிக நாள் கூட வரப்போகிறது.

யோசித்துப் பார்த்தால் "பயிற்சி இல்லை" என்பதும் முழு உண்மை இல்லை. தினமும் வேலைக்கு சைக்கிளில்தான் போகிறேன், மூச்சு அதனால்தான் தாங்கியது. சைக்கிளில் கால் தரையில் மோதுவதே இல்லையே, அதனால் தொடையும் நகமும் காலி. மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கு ஆகும். அக்காவுக்கு நடந்ததும் இந்த இடைவெளிதானோ என்னவோ. அப்படியென்றால் ஒழுங்காக உழைத்தவளும் ஒன்றும் செய்யாதவனும் ஒரே பள்ளத்தில் விழுந்தோம், அவள் மட்டும் எழ முடியாத இடத்தில். இதில் நியாயம் எங்கே இருக்கிறது? யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை, போய்த் தூங்குகிறேன்.

ஜனவரி 17, சனி

படி இறங்கினேன், கையை விட்டு. அடுத்த முறை இவ்வளவு வலிக்காது, ஒருமுறை அடிபட்ட தசை சில வாரங்களுக்கு அதே வேலையைத் தாங்கிக்கொள்ளும். அடுத்த முறையாம். யார் கேட்டது?

ஜனவரி 18, ஞாயிறு

அக்காவே கூப்பிட்டாள். இடுப்புப் பக்கத் தசை பலவீனமாம், அதனால் தொடையின் வெளிப்பக்கம் ஓடும் பட்டை முழங்காலில் உரசி வலிக்கிறதாம். சில வாரம் ஓட்டம் கிடையாது, படுத்துக்கொண்டு காலைத் தூக்கும் பயிற்சிதான். என் நேரத்தைக் கிலோமீட்டர் வாரியாகக் கேட்டாள், அனுப்பினேன். "கடைசி ஆறு கிலோமீட்டர் தவழ்ந்தியாடா?" என்று சிரித்தாள். பதக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை, அது இன்னும் பைக்குள்ளேதான் கிடக்கிறது.

ராத்திரி அவளுடைய அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். டிக்கெல்லாம் அழித்துவிட்டு மேலே என் பெயர். செவ்வாய்க்கு எதிரே "மெதுவாக 5" என்று இருக்கிறது. மெதுவாக என்றால் எவ்வளவு என்று கேட்டேன். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் என்கிறாள்.

யாரோடு பேசுவதாம்?