குரோமும் வால் துடுப்பும்: பழைய அமெரிக்கக் கார்களைப் படம் எடுப்பதில் இதுவரை

பழைய அமெரிக்கக் கார்களில் என்னை முதலில் இழுத்தது வால் துடுப்புகள்தான், அதாவது பின்பக்கம் இரு ஓரத்திலும் மீன் துடுப்பு மாதிரி மேலெழுந்து நிற்கும் பகுதிகள். பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் குழு 1948 காடிலாக்கில் சின்னதாக ஆரம்பித்து வைத்தது, 1959 காடிலாக்கில் எங்கே போய் நின்றது என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு துடுப்பிலும் தோட்டா வடிவத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

டெட்ராய்ட் பக்கம் இருப்பதால் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. உட்வர்ட் அவென்யூவில் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம், 1995இல் பக்கத்து ஊரான ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது. அன்றைக்குக் கூட்டத்தில் கேமராவைத் தூக்கவே இடம் கிடைக்காது, அதனால் நான் அதற்கு முந்தைய வார நாட்களில் மாலையில் போய்விடுவேன், அப்போதே வண்டிகள் ஓட ஆரம்பித்திருக்கும். அந்தச் சாலையின் மறுமுனையில் உள்ள பான்டியாக் ஊரிலிருந்து டெட்ராய்ட் நோக்கி வரும் வண்டிகளுக்கு மாலை வெயில் பின்பக்கம் விழும், துடுப்பு எடுக்க அந்தத் திசைதான் சரி.

லென்ஸின் முன்னால் போலரைசர் ஃபில்டர் (ஒரே திசையில் அதிரும் ஒளியைத் தடுக்கும் கண்ணாடி) போட்டு எடுத்துப் பார்த்ததில் ஒன்று நன்றாகப் புரிந்தது. பெயின்ட்டிலும் கண்ணாடியிலும் உள்ள பளபளப்பை அது குறைக்கும், பம்பர் போன்றவற்றில் உள்ள பளபளக்கும் குரோம் உலோகப் பூச்சை மட்டும் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்வதில்லை. எனக்கு அதுதான் வேண்டும்: பெயின்ட் நிறம் ஆழமாக வரும், பம்பர் மட்டும் அப்படியே மின்னும். வளைந்த முன்கண்ணாடி என்றால் ஒரு பகுதி தெளியும், இன்னொரு பகுதி வெள்ளையாகவே இருக்கும். ஃபில்டரை மெதுவாகத் திருப்பி எந்தப் பகுதி வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பம்பரில் என் உருவம் விழாமல் இருக்க 135 மி.மீ. லென்ஸோடு தள்ளி நின்று, ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து எடுக்கிறேன். பக்கத்தில் போய் வைட் லென்ஸில் எடுத்தால் முன்பக்கம் ஊதிப்போய், அந்த நீளமான உடம்பு குட்டையாகிவிடுகிறது. இந்தக் கார்களின் அழகே நீளம்தானே!

1957 செவர்லே பெல் ஏரில் பெட்ரோல் ஊற்றும் மூடி எங்கே என்று தேடிப் பாருங்கள். இடப்பக்கத் துடுப்பின் பின்முனையில் இருக்கும் குரோம் பட்டையே கதவு மாதிரித் திறக்கும், மூடி உள்ளே. ஓனர் ஒருவர் அன்போடு திறந்து காட்டினார். குரோம் பட்டையைப் பாதி திறந்த நிலையில் வைத்து, சிவப்பு விளக்குக்கு ஃபோகஸ் வைத்து எடுத்த படம்தான் இதுவரை எடுத்ததில் எனக்குப் பிடித்தது.

ஓடும் வண்டியை 1/60 வினாடியில் பேனிங் செய்யும்போது, அதாவது வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பி எடுக்கும்போது, சக்கரம் சுழல்வது படத்தில் நன்றாகத் தெரிகிறது, முன்பக்கக் கம்பி வலையான கிரில் இன்னும் கூர்மையாக வரவில்லை. அப்புறம் 1963 கார்வெட் ஸ்டிங் ரே பாக்கி இருக்கிறது. பின்கண்ணாடி இரண்டாகப் பிரிந்து வந்தது அந்த ஒரு வருட மாடலில் மட்டும்தான், நடுவே ஓடும் அந்த முதுகெலும்பு முழுசாகத் தெரிய மேலிருந்து எடுக்க வேண்டும், அதற்கு ஒரு சின்ன மடக்கு ஏணி வாங்கப் போகிறேன்.